அப்பாவின் தலை

மூன்றாம் நாள் காலையில் வீக்கம் நெற்றியிலிருந்து இறங்கிக் கண்களுக்கு வந்துவிட்டது. குளியலறைக் கண்ணாடியில் பார்த்தபோது அவனுக்கே அவனை அடையாளம் தெரியவில்லை. இமைகள் இரண்டும் உப்பி, கண் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள் மட்டும் மிச்சம் இருந்தன. முன்தலை முழுக்கக் கடுகைத் தூவி ஒட்டவைத்ததுபோல் பொடிப்பொடியாகப் பொருக்குகள். பின்தலை மரத்துப்போய்க் கிடந்தது. விரல் வைத்தால் வேறு யாருடைய தலையையோ தொட்ட மாதிரி இருந்தது.

மனைவி கதவோரம் வந்து நின்று பார்த்தாள். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலையில் இருப்பவள். எதைப் பார்த்தும் சட்டென்று பதறுகிற சுபாவம் இல்லை.

"தேன்கூட்டுக்குள்ள தலையை விட்டு எடுத்த மாதிரி இருக்கு" என்றாள்.

"பார்க்கப் பயமா இருக்கா?"

"பயமெல்லாம் ஒண்ணும் இல்லை. நாலஞ்சு நாள்ல வடிஞ்சிடும்னுதான் ஆஸ்பத்திரி பேப்பர்ல போட்டிருக்கே. போய்ச் சாஞ்சு உக்காருங்க. தண்ணி அடிக்கற நேரம் ஆச்சு."

அரை மணிக்கு ஒருமுறை உப்புநீரை முடி நட்ட இடத்தில் பீய்ச்ச வேண்டும் என்பது மருத்துவமனையில் எழுதிக் கொடுத்திருந்த விதி. வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தறியாதவன் பகலெல்லாம் தண்ணி அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று முதல் நாளிலிருந்தே அவள் கிண்டல் செய்துகொண்டிருந்தாள். அவன் சிரிக்கப் பார்த்தான். முகம் இழுத்து வலித்தது. நிறுத்திக்கொண்டான்.

அவன் ஒரு லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் மெக்கானிக். வயது நாற்பத்து மூன்று, பத்தொன்பது வருட சர்வீஸ். இருபத்தாறிலேயே முன்தலை காலியாகத் தொடங்கி, முப்பத்தைந்து வரும்போது காதுகளுக்கு மேலே ஒரு வளையமும் பிடரியில் கொஞ்சமும்தான் தங்கியது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றினால் மிஷின் ரூமில் லைட் போட வேண்டாம் என்று யாரோ சொல்லப்போக, 'பல்பு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மேனேஜர்கூட மறந்துபோய் மீட்டிங்கில் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். அவன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சீப்பு வாங்கும் செலவு மிச்சம் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அப்படிப்பட்டவன் போய் முடி நட்டுக்கொண்டு வருவான் என்று கம்பெனியில் யாரிடம் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அவனுடைய தலை அவனுடையது அல்ல, அதுதான் சிக்கல். அப்படியே அச்சில் வார்த்த மாதிரி அது அவன் அப்பாவின் தலை. ஏறிய நெற்றி, நடுவில் லேசான மேடு, காதோரம் மட்டும் சுருண்ட முடி, எல்லாம் அவரேதான். அவர் சரக்குக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தார். வெளியே தங்கமான மனிதர் என்று பெயர் வாங்கியவர். வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் வேறு ஆளாகிவிடுவார். குடியெல்லாம் கிடையாது. கை ஓங்கக் காரணம் என்று ஒன்றும் வேண்டியதும் இல்லை. அவர் செத்துப் பதினோரு வருடம் ஆகிறது. அவருக்குப் பிறகு அம்மா ஒருவாறு நிமிர்ந்தாள். டிவி பார்த்தாள். பக்கத்து வீடுகளுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சதைகூடப் போட்டாள். பிறகு மறதி வந்தது.

முதலில் சாவி, அடுப்பு, மாத்திரை என்றுதான் மறந்தாள். மகன் வீட்டில், சின்ன அறையில்தான் இருந்தாள். மகனும் மருமகளும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் காலையில் அவன் குளித்துவிட்டு, தோளில் துண்டோடு, அவள் அறை வாசலில் வந்து நின்றான். அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த புடவை நழுவியது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்கே வைத்துக்கொண்டாள்.

"ஆயிடுச்சுங்க. இதோ ஆயிடுச்சு. சத்தம் போடாதீங்க, பிள்ளைங்க முழிச்சிடுவாங்க."

அந்தப் பிள்ளைகளில் ஒருவன் அவன். அந்த நாட்களில் அவன் தூங்கியதே இல்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிப் படுத்திருப்பான். அது அம்மாவுக்குத் தெரியாது.

"அம்மா, நான்தாம்மா" என்று ஒரு எட்டு எடுத்து வைத்தான். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மனைவி ஓடிவந்து அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

அதன்பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. சில நாள் மகன் என்று தெரியும். சில நாள் தெரியாது. போகப் போகத் தெரியாத நாட்கள்தான் அதிகம். மறதிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் கையை விரித்தார். "உங்கம்மா இப்ப இருக்கறது முப்பது வருஷத்துக்கு முன்னாடி. அங்க இந்த முகத்தோட இருந்தவர் ஒருத்தர்தான். நீங்க எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் ஏறாது. முடிஞ்சா கண்ணுல படாம இருங்க" என்றார்.

சொந்த வீட்டில், பெற்ற தாயின் கண்ணில் படாமல் எப்படி இருப்பது? தொப்பி போட்டுப் பார்த்தான். வீட்டுக்குள் தொப்பியோடு திரிகிறவனை அவள் சந்தேகமாகவே பார்த்தாள். பிறகு ஒரு விக் வாங்கினான். விக் வைத்த பத்து நாளும் அற்புதமான நாட்கள். "எங்கடா போயிட்டே இவ்வளவு நாளா?" என்று அம்மா அவன் கன்னத்தைத் தடவினாள். பதினோராம் நாள் அவளுடைய கால் நகம் வெட்டக் குனிந்தபோது விக் வழுக்கி அவள் மடியில் விழுந்தது. மகனின் தலைக்குள்ளிருந்து புருஷன் வெளியே வந்துவிட்டான். அவள் போட்ட கூச்சலில் மாடியிலிருந்தவர்கள் இறங்கி வந்தார்கள். மறுநாளே அக்கா வந்து அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

அக்கா வீடு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அங்கே அம்மா அமைதியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போய் மாடிப்படியில் உட்கார்ந்து, உள்ளே அவள் பேசுவதைக் கேட்டுவிட்டு வருவான். போனில் பேசினால் மட்டும் எந்தத் தகராறும் இல்லை. குரலைக் கேட்டதும் அவளுக்குத் தெரிந்துவிடும். "சாப்பிட்டியாடா? மேல ஏறி வேலை பார்க்கும்போது கீழ பார்க்காதே, தலை சுத்தும்" என்பாள். அவன் குரல் அம்மா வழிக் குரல், மாமாவின் குரல். நல்லவேளை, அதையாவது அப்பா கொடுக்கவில்லை.

முடி நடுவதைப் பற்றி அவன் பேச்செடுத்ததும் மனைவி கேட்டாள்.

"உங்கம்மாவுக்காகவா, உங்களுக்காகவா?"

"எனக்கு எதுக்குடி இந்த வயசுல?"

"காலையில ஷேவ் பண்ணும்போது கண்ணாடியைப் பார்க்காம பண்றீங்க. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். ரெண்டு தடவை வெட்டிக்கிட்டீங்க."

அவன் தாடையைத் தடவிக்கொண்டான். அவளும் அதற்குமேல் குறுக்கே நிற்கவில்லை.

மருத்துவமனைக்கு இருபத்திரண்டு வயதில் எடுத்த போட்டோ ஒன்றைக் கொண்டுபோயிருந்தான். அதில் முடி நெற்றியில் தாழ்ந்து இறங்கி, இடப்பக்கம் வகிடு எடுத்திருந்தது. டாக்டர் சின்னப் பையன்தான். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டான். போட்டோவைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"சார், இவ்வளவு கீழ இறக்கினா உங்க வயசுக்கு நல்லா இருக்காது. ரெண்டு விரல் மேல வைப்போம். அழகா இருக்கும்."

"அழகெல்லாம் வேண்டாம் டாக்டர். இதே மாதிரி இருக்கணும்."

ஒன்பது மணி நேரம் ஆனது. மரத்துப்போவதற்குப் போட்ட ஊசிகள்தான் உயிரை எடுத்தன. அதற்கப்புறம் வலி இல்லை. குப்புறப் படுக்கவைத்துப் பிடரியிலிருந்து ஒவ்வொரு வேராகத் தோண்டி எடுத்தார்கள். பிறகு மல்லாத்திப் போட்டு முன்தலையில் ஒவ்வொன்றாக ஊன்றினார்கள். மொத்தம் இரண்டாயிரத்து நானூறு. ஊன்றிய இரண்டு பெண்களும் பகல் முழுக்கத் தங்கள் நாத்தனார்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அவனுக்கு, அந்த நாத்தனார்கள் மேல் கடைசியில் ஒரு இரக்கம்கூட வந்துவிட்டது.

வீக்கம் வடிந்தது. பத்தாம் நாள் நுரையைப் பூசி ஊறவைத்து, மனைவி கோப்பையால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினாள். பொருக்குகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அடியில் குத்துக்குத்தாகக் கறுப்பு முடி, தினை முளைத்த மாதிரி. அன்று மட்டும் அவன் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றான்.

ஒரு மாதத்துக்கு ஹெல்மெட் கூடாது, வெயில் கூடாது, வேர்க்கக் கூடாது. ஹெல்மெட் இல்லாமல் லிஃப்ட் குழிக்குள் இறங்க முடியாது. மேனேஜர் அவனைப் புகார் எடுக்கும் மேஜையில் உட்காரவைத்தார். பருத்தித் தொப்பி ஒன்றைத் தொளதொளவென்று போட்டுக்கொண்டு, நாள் முழுக்கப் போன் எடுத்தான். மூணாவது மாடியில் கதவு மூட மாட்டேங்குது. பட்டன் அமுக்கினா எரியுது, வர மாட்டேங்குது. பத்தொன்பது வருடமாகக் கையால் சரிசெய்த கோளாறுகளைக் காதால் கேட்டு எழுதிக்கொள்வது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கம்பெனி ஆட்கள் ஒரு வாரம் ஆசைதீரக் கலாய்த்தார்கள்.

"அண்ணே, ரெண்டாம் கல்யாணமா? பொண்ணு யாரு?"

"அறுவடை எப்பண்ணே? சொன்னா ஆள் அனுப்புறோம்."

அவன் யாரிடமும் அம்மாவைப் பற்றிச் சொல்லவில்லை. கல்யாண ஆசை என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான்.

நாலாம் வாரம் முடி கொட்ட ஆரம்பித்தது. தலையணையில், தொப்பிக்குள், துவட்டுகிற துண்டில், எங்கே பார்த்தாலும் அரை அங்குல முடிகள். அப்படித்தான் கொட்டும், வேர் உள்ளே இருக்கும், மூன்று நாலு மாதத்தில் திரும்ப முளைக்கும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் கையில் முடியோடு நிற்கும்போது தெரிந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. ஆறாம் வாரம் கண்ணாடியில் பார்த்தால், மறுபடியும் அதே ஏறிய நெற்றி, அதே மேடு. போதாததற்குச் சிவப்புச் சிவப்பாகப் பருக்கள் வேறு. அப்பா அம்மை கண்டு எழுந்துவந்த மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அக்கா போன் செய்தாள்.

"டேய், அம்மாவுக்கு ரெண்டு நாளா காய்ச்சல். இப்ப பரவாயில்லை. ஆனா உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. என் பையன் எங்க, ஏன் வரலைன்னு ஒரே புலம்பல். வந்துட்டுப் போடா."

"இந்தத் தலையோடவாக்கா?"

"வாசல்லயாவது வந்து நில்லேன்."

"அன்னைக்குக் கத்தினதை நீ பார்க்கலை. காய்ச்சல்ல கிடக்கறவகிட்ட போய் நிக்கச் சொல்றியா? இன்னும் ரெண்டு மாசம்தான்க்கா. முளைச்சிடும். போனைக் குடு, பேசறேன்."

போனில் அம்மா பேசினாள். காய்ச்சலில் குரல் கரகரத்தது.

"எப்படா வர்றே?"

"வர்றேம்மா. வேலை ஜாஸ்தி. முடிச்சுட்டு ஓடி வந்துடறேன்."

"வேலை எங்கடா ஓடிப்போகுது?"

"வந்துடறேம்மா."

இரண்டு வாரத்தில் மூன்று முறை அப்படிப் பேசினார்கள். மூன்று முறையும் அதே கேள்வி, அதே பதில். நாலாம் முறை போனை அவள் காதில் வைத்ததும், "இதுக்குள்ள யாரோ இருக்காங்க" என்று அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். அடுத்த வாரமும் அப்படியே. அதற்குப் பிறகு போனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரியாகிவிடும் என்று அக்கா அவனிடம் சொன்னாள். அவனும் மனைவியிடம் அதையேதான் சொன்னான்.

மனைவி ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னாள்: "போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க. கத்தினா கத்தட்டும். பார்க்காம இருக்கறதுக்கு அது மேல்."

அவன் போகவில்லை. சட்டை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை ஒருமுறை போனான். நிழற்குடையின் கண்ணாடித் தடுப்பில் தன் உருவம் தெரிந்ததும் திரும்பி வந்துவிட்டான்.

நாலாம் மாதம் பூனைமுடி மாதிரி மெல்லிசாக முளைத்தது. ஐந்தில் கறுத்தது. ஹெல்மெட்டை இரண்டாம் மாதமே போட ஆரம்பித்திருந்தான். உள்பட்டை அழுத்தும் இடத்தில் முதலில் சுரீர் என்றது, பிறகு பழகிவிட்டது. மறுபடியும் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறினான், குழியில் இறங்கினான், இரும்புக் கயிறுகளைத் துடைத்து எண்ணெய் போட்டான். ஆறு முடிந்து ஏழாம் மாதத்தில் முடி சீப்புக்கு அடங்கியது. பல்பு என்று கூப்பிடுவதைக் கம்பெனியில் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். யாரும் முடிவெடுத்து நிறுத்தவில்லை, தானாக நின்றுபோனது. பெயர் போன பிறகுதான் அது எவ்வளவு பழகியிருந்தது என்று அவனுக்குத் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இடப்பக்கம் வகிடெடுத்துச் சீவிக்கொண்டு, மனைவியோடு அக்கா வீட்டுக்குப் போனான். இந்த முறை மாடிப்படியில் உட்காரவில்லை. நேரே உள்ளே போனான்.

அம்மா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். அவன் அவள் முன்னால் போய் நின்றான். அவள் நிமிர்ந்து அவன் முகத்தை, நெற்றியை, முடியை நிதானமாகப் பார்த்தாள். கைகள் மடியிலேயே கிடந்தன. தூக்கவில்லை. மரியாதையாகச் சிரித்தாள்.

"வாங்க தம்பி. ஃபேன் பார்க்க வந்தீங்களா?"

அக்கா பதறி, "அம்மா, யாருன்னு பாரு, உன் பையன்ம்மா" என்றாள்.

அம்மா அக்காவை ஒரு பார்வை பார்த்தாள், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டதுபோல. பிறகு அவனிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. எனக்கும் உங்களை மாதிரி ஒரு பையன் இருக்கான். லிஃப்ட்ல வேலை. வர்றேன் வர்றேன்னு சொல்லிக்கிட்டே இருக்கான், வரவே மாட்டேங்கறான்."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். குரலைக் கேட்டாலாவது தெரியும் என்று ஒரு நப்பாசை.

"வேலை ஜாஸ்தியா இருந்திருக்கும்மா. வந்துடுவாங்க."

"ஆமா. வேலைதான்" என்றாள். குரல் அவளுக்கு எதையும் சொல்லவில்லை.

அக்கா சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் பின்னாலேயே இவன் மனைவியும் போனாள். அவன் நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு மேலே ஏறி ஃபேனைப் பார்த்தான். அதில் ஒரு கோளாறும் இல்லை. இறக்கைகளைத் துணியால் துடைத்துவிட்டு இறங்கினான். "நல்லா இருங்க தம்பி" என்றாள் அம்மா.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வாய் திறந்து ஒரு குற்றமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

அடுத்த மாதம் அம்மாவைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்தான். அக்காவுக்கு முதுகுவலி, தனியாக அவளால் தூக்கிக் குளிப்பாட்ட முடியவில்லை. மேலும், இப்போதுதான் பயப்பட ஒன்றும் இல்லையே. சின்ன அறையில் அதே கட்டிலில் அம்மா படுத்தாள். அது ஏதோ தங்கும் விடுதி என்றும் அவன் அதை நடத்துகிறவன் என்றும் நினைத்துக்கொண்டாள். அவன் நகம் வெட்டினான், தலை துவட்டினான், மாத்திரை கொடுத்தான். ஒவ்வொன்றுக்கும் "உங்களுக்கு எதுக்குத் தம்பி சிரமம்" என்றாள். ஒருநாளும் அவனைக் கண்டு கையைத் தூக்கவில்லை. அப்பாவும் அவளை விட்டுப் போய்விட்டார் போலிருக்கிறது. அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒன்றையாவது லாபம் என்று நினைத்துக்கொள்ளலாமா என்று அவன் சில நேரம் யோசிப்பான். பயம் போனது முடியாலா மறதியாலா என்பதற்குப் பதில் சொல்ல எந்த டாக்டராலும் முடியவில்லை. முடி முளைக்கக் காத்திராமல் பழைய தலையோடு போய் நின்றிருந்தால், அந்தக் காய்ச்சல் நாளில் அவள் என்ன செய்திருப்பாள் என்பதும் தெரியாது.

பன்னிரண்டாம் மாதப் பரிசோதனைக்குப் போனபோது அந்தச் சின்ன டாக்டர் பழைய போட்டோவையும் புதிய போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். ரொம்பச் சந்தோஷத்தில் இருந்தான்.

"திருப்தியா சார்?"

"நல்லா வந்திருக்கு டாக்டர்" என்றான் அவன். பொய் இல்லை. நன்றாகத்தான் வந்திருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஏதோ ஆபீஸ் கட்டிடத்தில் துப்புரவுப் பெண்கள் மூன்று பேரோடு லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உடனே போக வேண்டும். அவன் பையை எடுத்துக்கொண்டு சின்ன அறையை எட்டிப் பார்த்தான். மனைவி அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, வெளிய போறீங்களா?"

"ஆமாம்மா. வேலை வந்திருக்கு."

"வழியில என் பையனைப் பார்த்தா நான் இங்க இருக்கேன்னு சொல்லுங்க. இடம் மாறி வந்துட்டேன்ல, தேடிக்கிட்டு இருப்பான்."

"சொல்றேம்மா."

"மறக்காம சொல்லுங்க."

மனைவி கரண்டியோடு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினான். கூண்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தியின் நம்பரைக் கம்பெனியில் கொடுத்திருந்தார்கள். நடந்துகொண்டே அதற்குப் போன் போட்டு, பயப்படாதீங்க, கதவை யாரும் இழுக்காதீங்க, கால் மணி நேரத்துல வந்துடறேன் என்று சொன்னான்.